நாற்பத்தொன்பது நாள் ஓடிய ப்ரோக்ராம்

அந்தத் தொழிற்சாலைக்கு இரண்டு தளங்கள். கீழ்த்தளத்தில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். மேல்தளத்தில் அந்த போர்டுகளுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் ப்ரோக்ராமை எழுதுவார்கள். எம்பெடட் பிரிவு என்று கதவில் ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே பதினெட்டுப் படிகள்தான். அவற்றை ஏற அவளுக்கு நாலு வருஷம் ஆனது.

டிப்ளமோ முடித்த கையோடு கீழே சேர்ந்தவள் அவள். உடம்பில் நீலக் கோட்டு, மணிக்கட்டில் எர்த் கம்பி கோத்த பட்டை, எதிரே ஒரு சோதனைப் பெட்டி. போர்டை வை, பொத்தானை அழுத்து, பச்சை எரிந்தால் வலப்பக்கம், சிவப்பு எரிந்தால் இடப்பக்கம். ஒரு நாளைக்கு இருநூறு. மற்றவர்கள் சிவப்பைக் கண்டால் இடப்பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஏன் சிவப்பு என்று தெரியாவிட்டால் அவளுக்கு மட்டும் சோறு இறங்காது. உணவு இடைவேளையில் அந்தச் சோதனைப் பெட்டியின் ப்ரோக்ராமையே அச்செடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். முதல் வருஷம் பாதி புரியவில்லை. மூன்றாம் வருஷம், குறை போர்டில் இல்லை, சோதனைப் பெட்டியில்தான் என்று ஒரு நாள் கண்டுபிடித்தாள். ஒரு வாரமாக நல்ல போர்டுகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன.

மேலாளர் இறங்கி வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுவிட்டு அதை மேசையில் தேடுகிற மனிதர். அவள் காட்டிய வரியை இரண்டு முறை படித்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சார். படிச்சுப் பாத்தேன்."

அடுத்த வருஷம் மேலே ஓர் இடம் காலியானபோது அவர் அவளைத்தான் கேட்டார். பொறியியல் பட்டம் வாங்கிய நாலு பேர் மனுப் போட்டிருந்தார்கள். "டிப்ளமோ பொண்ணா?" என்று மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். "நான் பொறுப்பு" என்று அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை அவள் கடைசிவரை மறக்கவில்லை. அதுவே பிற்பாடு பெரிய வினையாகவும் போனது.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். அத்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். சேதி கேட்டதும், "இத்தன நாள் பொட்டிய அடுக்கினே. இனிமே பொட்டிக்குள்ள போய் உக்காரப் போற. மூச்சு முட்டாமப் பாத்துக்கோ" என்றார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

மேலே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கீழ்மாடி" என்றார்கள். கீழ்மாடி, அந்த கேபிளை எடு. கீழ்மாடி, இந்த போர்டில் கம்பியைக் கொஞ்சம் பற்ற வைத்துக் கொடு. கோபமாகச் சொன்னால் திருப்பிச் சொல்லலாம்; சிரித்துக்கொண்டே சொன்னால் என்ன செய்வது. அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்துத்தான் முதல் உண்மையான வேலை கைக்கு வந்தது.

கோழிப் பண்ணைக் கொட்டகைகளில் மின்விசிறிகளை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி அது. ஜன்னல் இல்லாத நீளக் கொட்டகை, உள்ளே ஆயிரக்கணக்கான குஞ்சுகள். எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை காற்று மாற வேண்டும், எவ்வளவு சூடானால் கூடுதல் விசிறிகள் ஓட வேண்டும், எப்போது அபாயமணி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். பழைய ப்ரோக்ராம் பாதி பேருக்கு விளங்காத சிக்கல். அதில் நேரம் பார்க்கும் பகுதியைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். பத்தே நாளில் எழுதினாள். அழகாக இருந்தது. மூத்த பொறியாளர் ஒருவர் மேலோட்டமாகப் பார்த்து, "பரவாயில்லையே கீழ்மாடி" என்றார். மூன்று நாள் இடைவிடாமல் ஓட விட்டுச் சோதித்தார்கள். ஒரு பிசகும் இல்லை. அந்த ப்ரோக்ராமோடு எண்பத்து மூன்று பெட்டிகள் வெளியே போயின.

ஒரு நடுப்பகலில் முதல் கொட்டகை நின்றது.

பண்ணைக்காரர் வெளியே போயிருந்தார். அவருடைய தம்பி தீவன அறையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். விசிறிகளும் ஓடவில்லை, அபாயமணியும் அடிக்கவில்லை. தம்பி கதவைத் திறந்தபோது உள்ளே உயிரோடு இருந்த கோழிகளை எண்ணிவிடலாம் என்கிற நிலை. கம்பெனியின் சர்வீஸ் ஆள் ஓடிப் போய்ப் பெட்டியைக் கழற்றி எடுத்து வந்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பதால் அவருக்கு ஸ்பானர் என்று பெயர். பெட்டியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். ஒழுங்காக ஓடியது. ஒரு வாரம் ஓடியது.

"போர்டுல ஒண்ணுமில்ல. யாரோ பெட்டியோட மெயின் சுவிட்ச அணைச்சிருக்காங்க" என்றார் மேலாளர். பண்ணைக்காரருக்கு அப்படியே ஒரு கடிதமும் போனது.

ஸ்பானர் மட்டும் படிக்கட்டில் அவளை நிறுத்தி மெல்லச் சொன்னார். "தங்கச்சி, நான் போனப்போ பச்ச விளக்கு மினுக்கிட்டு இருந்துச்சு. சுவிட்ச அணைச்சா விளக்கு எப்படி எரியும்? சார்கிட்ட சொன்னேன். காதுல போட்டுக்கல."

அவள் ஒரு படி இறங்கி அவர் அருகில் வந்தாள். "அத எப்போ மாட்டினீங்க அண்ணே?"

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் புரட்டித் தேதி சொன்னார். "சாயங்காலம் ஏழு மணிக்கு முடிச்சேன். அந்த ஆளு நல்ல பேட்டரி போட்டு வச்சிருந்தாரு. கரண்டு போனாலும் பெட்டி அணையாது."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கை நின்றது. விரல் மடக்கி எண்ணினாள். மாட்டிய நாளிலிருந்து நின்ற நாள்வரை ஐம்பது. சரியாகச் சொன்னால் நாற்பத்தொன்பது நாளும் பதினேழு மணியும். அந்தக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறதுதான். போர்டு, தான் விழித்ததிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். நானூற்றிருபத்தொன்பது கோடிச் சொச்சத்துக்கு மேல் அதற்கு எண்ண இடம் கிடையாது. வண்டியின் மீட்டர் முழுதும் ஓடித் தீர்ந்து பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல் திரும்பிவிடும். அது குற்றமில்லை. திரும்பும் என்று தெரிந்து எழுத வேண்டும். அவள் எழுதிய வரி, "அடுத்த முறை இத்தனை மணிக்கு" என்று குறித்து வைத்துக்கொண்டு, கடிகாரம் அதைத் தாண்டட்டும் என்று காத்திருந்தது. கடிகாரமோ பூஜ்யத்தில் இருந்தது. இன்னும் நாற்பத்தொன்பது நாள் அது காத்துக்கொண்டேதான் இருக்கும். சூடு பார்ப்பதும் மணி அடிப்பதும் அந்த வரியைத் தாண்டினால்தான்.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்கா வந்து, "என்னடி, மயக்கமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை யாரும் வருமுன் போய், ஒரு போர்டின் கடிகாரத்தை எண்ணிக்கை தீர்வதற்கு ஒரு நிமிஷம் முந்தித் தொடங்கும்படி மாற்றினாள். விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக். மூன்றாவது டிக் வரவில்லை. பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் வந்ததும் அவரையும் அழைத்துக் காட்டினாள். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். 

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். எல்லாருக்கும் ஃபோன் பண்ணி, பெட்டிய ஒருதரம் அணைச்சுப் போடச் சொன்னா போதும். எண்ணிக்கை முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அதுக்குள்ள நாம போய் மாத்திரலாம்."

"ஏன்னு கேப்பாங்களே. என்ன சொல்லுவே?"

"உள்ளதச் சொல்லலாம்."

"உள்ளதச் சொன்னா நாளைக்கு எண்பத்தி மூணு பேரும் வாசல்ல நிப்பாங்க. அந்த முதல் ஆளு கோர்ட்டுக்குப் போவாரு. கீழ வேல பாக்கறவங்க நூத்தம்பது பேரு. அவங்கள நினைச்சுப் பாரு." குரலைத் தணித்துக்கொண்டார். "உன்ன மேல கொண்டு வந்தது நாந்தாம்மா. உன் தலையும் உருளும், என் தலையும் உருளும். இலவச சர்வீஸ்னு சொல்லு. ஸ்பானரோட வேன்ல போ. ஒவ்வொண்ணா மாத்திட்டு வா."

அவர் கெட்டவர் என்றால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையெழுத்துப் போட்டவர் அல்லவா. அவள் தலையாட்டினாள்.

பதினோரு நாள் வேனில் சுற்றினார்கள். ஸ்பானரின் நோட்டைப் பார்த்து, எந்தக் கொட்டகை முதலில் ஐம்பதைத் தொடும் என்று அவள் வரிசை போட்டாள். அடிக்கடி மின்சாரம் போகிற இடங்களில் பெட்டி தானாகவே அணைந்து விழித்துத் தப்பித்துக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்துப் பேட்டரி வாங்கி வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து. கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீரில் செருப்பை முக்கிவிட்டு உள்ளே போவார்கள். கண் எரியும் நெடி. பெட்டியைத் திறந்து கேபிளைச் செருகி, மடிக்கணினியை முழங்காலில் வைத்து, நாலு நிமிஷத்தில் புது ப்ரோக்ராமை ஏற்றுவாள். ஸ்பானர் விசிறிகளை ஓட்டிப் பார்ப்பார். பண்ணைக்காரர்கள் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "கேக்காமலே வந்து சர்வீஸ் பண்றீங்களே, இப்படி ஒரு கம்பெனியா" என்றார் ஒருவர். அவள் தம்ளரைப் பாதியில் கீழே வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வேனுக்குள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். மிச்சம் முப்பத்தொன்று. அதில் ஒன்பது, அடுத்த இரண்டு நாளைக்குள் எல்லையைத் தொடுபவை. ஒன்றுக்கொன்று வெகு தூரம். இறக்கை கட்டிப் பறந்தாலும் ஐந்துக்கு மேல் போய்ச் சேர முடியாது. மேலாளருக்கு ஃபோன் செய்தாள். "முடிஞ்சத பாரு" என்றார் அவர்.

அவள் தன் சொந்த ஃபோனை எடுத்தாள். ஸ்பானர் அவள் முகத்தைப் பார்த்தார். சாவியை உருவிக்கொண்டு வேனை விட்டு இறங்கி, இருபதடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நான் எதையும் கேக்கல. தெரிஞ்சுதா தங்கச்சி? நான் எதையும் கேக்கல."

ஒன்பது பேருக்கும் ஒரே பேச்சுத்தான். "பெட்டியோட மெயின அணைச்சிட்டு, பத்து எண்ணிட்டு மறுபடி போடுங்க. இப்பவே போய்ப் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்." ஏன் என்று கேட்டவர்களிடம், "ப்ரோக்ராம்ல ஒரு தப்பு இருக்குங்க. அணைச்சுப் போடலேன்னா ஃபேன் நின்னுரும்" என்றாள். ஒருவர் திட்டினார். ஒரு பெண்மணி, "இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எட்டுப் பேர் செய்தார்கள். ஒன்பதாவது ஆள் எடுக்கவே இல்லை. அங்கே வேனை விரட்டிக்கொண்டு போனார்கள். விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி கெட்டுப்போய் முந்தின நாள் பெட்டி தானே ஒருமுறை அணைந்திருந்தது. ஸ்பானர் வேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மீதிக் கொட்டகைகளையும் ஒரு வாரத்தில் முடித்தார்கள். இனி ஒன்றும் சாகாது. ஆனாலும் அந்த முதல் கொட்டகை அவளை அரித்தது. அங்கே போயிருந்த கடிதத்தை யாரும் திருத்தி எழுதவில்லை.

"பாம்புப் புத்துல கைய விடாத" என்றார் ஸ்பானர். அத்தானிடமும் கேட்டுப் பார்த்தாள். அவர் கேலி பேசவில்லை. "வண்டில ஏத்தின ஆளு பொழச்சாரான்னு நான் போய்க் கேக்கறதில்ல. கேட்டா அடுத்த நாள் ஓட்ட முடியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ வேற மாதிரி. கேக்காம இருந்தா நீ ஓட்ட மாட்டே" என்றார்.

அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறிப் போனாள். கொட்டகை காலியாக இருந்தது. சுண்ணாம்பு அடித்து, தரையைச் சுரண்டிக் கழுவியிருந்தார்கள். பண்ணைக்காரர் ஐம்பது வயது தாண்டியவர். வாசலில் கவிழ்த்துப் போட்ட தீவனத் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனியிலேர்ந்தா?"

"ஆமாங்க. ஆனா கம்பெனி அனுப்பல."

அவர் உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். சுவிட்சை யாரும் அணைக்கவில்லை என்பதையும், பெட்டிக்குள் இருந்த ப்ரோக்ராம் ஐம்பதாவது நாள் நின்றுபோனது என்பதையும் வண்டி மீட்டரை உதாரணம் காட்டிச் சொன்னாள். அவருக்குப் புரிந்தது. புரிந்த அளவுக்கு முகம் கறுத்தது.

"சுவிட்ச அணைச்சிருக்காங்கன்னு உங்க லெட்டர்ல இருந்துச்சு" என்றார். "அன்னிக்கு இங்க என் தம்பி மட்டும்தான் இருந்தான். நான் தொடவே இல்லண்ணேன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னான். நான் நம்பல. லெட்டர் வந்தப்புறம் அவன் பிள்ளைங்க முன்னாடியே அவன் மேல கை நீட்டிட்டேன். பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டான். இருபது வருஷம் ஒண்ணா இருந்தோம்."

அவள் கோழிகளைப் பற்றித்தான் கலங்கிக்கொண்டு வந்திருந்தாள். இது அவள் கணக்கிலேயே இல்லை.

"அந்த ப்ரோக்ராம எழுதினது யாரு?"

"நான்தாங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுவந்தார்.

"இதையெல்லாம் எழுதிக் குடுப்பீங்களா? கையெழுத்தோட."

எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேலாளரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அது போகட்டும் என்று காத்திருந்தாள், போகவில்லை. அப்படியே எழுதினாள். கொட்டகைச் சுவரில் நோட்டை வைத்து, ஒரு பக்கம் முழுக்க, தம்பி மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை முதல் வரியாக வைத்து எழுதினாள். இரண்டு முறை அடித்துத் திருத்தினாள்.

அவர் அதைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினார். பிறகு ஃபோன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். மூன்றாம் முறை, அடிப்பதற்குள்ளேயே துண்டிக்கப்பட்டது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். அவள் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்தத் தாள் பத்து நாளில் ஒரு வக்கீல் நோட்டீஸோடு கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டு அதை அவள் முன் வைத்தார்.

"என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"சொன்னா போக விட்டிருக்க மாட்டீங்க சார்."

"விட்டிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். ராஜினாமாக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவள் கையெழுத்திட்டபோது, "நல்லா வந்திருப்பே" என்றார், செத்தவர்களைப் பற்றிப் பேசுவதுபோல. அவரையும் இரண்டு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் நலம் விசாரித்து அனுப்பிய செய்திக்கு அவர் பதில் போடவில்லை.

எட்டு மாதம் வேலையில்லை. போன இடங்களில் முந்தின கம்பெனியை விசாரிப்பார்கள், அதோடு சரி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "அவ லீவுல இருக்கா" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. கடைசியில், மருந்து வைக்கும் குளிர்பெட்டிகள் செய்யும் சின்ன இடமொன்றில் எடுத்தார்கள். ப்ரோக்ராம் எழுத அல்ல. சோதனை மேசைக்கு. மறுபடியும் நீலக் கோட்டு, மணிக்கட்டில் பட்டை. ஒன்றரை வருஷம் கழித்து அங்கே எழுதுகிற ஆள் விட்டுப் போனபோது, வேறு ஆள் கிடைக்காமல் அவளிடம் கொடுத்தார்கள். இப்போது அவள் ஒரு நாளில் எழுதுகிற வரிகள் பத்தைத் தாண்டுவதில்லை. எழுதியதை நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். மெதுவானவள் என்று அங்கே பெயர்.

போன மாதம் ஸ்பானர் ஃபோன் செய்தார். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறதாம். அந்தப் பக்கம் போனபோது பண்ணையைப் பார்த்தாராம்.

"தம்பி திரும்பி வந்துட்டாரு. ஆனா பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. நடுவுல வேலி போட்டு, அந்தப் பக்கம் அவரு தனியா ஒரு கொட்டகை கட்டியிருக்காரு."

"பேசிக்கறாங்களா அண்ணே?"

"அதெல்லாம் நமக்கென்ன தெரியும். நான் பாத்தப்போ ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்னுக்கிட்டிருந்தாங்க."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "புதுக் கொட்டகைக்கு எந்தக் கம்பெனி பெட்டி போட்டிருக்காங்க?"

"பெட்டியே இல்ல. ஃபேனுக்கு வெறும் கை சுவிட்சப் போட்டு, அவரே பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. சாப்பாடு கூட அங்கதான்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, பட்டையை மாட்டிக்கொண்டு, பாதியில் விட்ட வரிக்குப் போனாள்.